முப்பத்தேழாம் நாள் பாடம்

ஊத்துக்கோட்டையில் உரக்கடைக்கு மேல்மாடி எங்கள் மையம்.
யூரியா வாடையில்தான் தொண்ணூறு நாளும் வகுப்பு.
சோதனைச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரம் போனால்
கடைப்பலகை எழுத்துகள் உருண்டையாகிவிடும்.
விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்கள்:
செல்போனுக்கு நீலம், ஏசிக்கு வெள்ளை.
நிறம் பார்த்து ஓடி ஏறும் பிள்ளைகளில்
பாதிப் பேர் என் பதிவேட்டில் இருப்பவர்கள்.

ஆளுக்கு வேலை, வேலைக்கு ஆள்.
இந்தத் தொழிலுக்குச் சரியான பெயர் இல்லை.
மகளைச் சேர்க்க வந்த பெஞ்சலய்யா கேட்டார்:
"கல்யாணத் தரகு மாதிரிதானம்மா?
ரெண்டு பக்கமும் பொய் சொல்லணும்."
அப்படியெல்லாம் இல்லை என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன முதல் பொய் அது.

முப்பத்தேழாம் நாள், சம்பளச் சீட்டு.
கரும்பலகையில் கட்டம் போட்டு
அடிப்படை, படி, பி.எஃப், இ.எஸ்.ஐ,
பிடித்தம், பிடித்தம், பிடித்தம்.
"கையில் வருவதை மட்டும் பார்க்காதீர்கள்.
போனது எங்கே போனது என்று கேளுங்கள்.
தருகிறோம் என்றால் தேதி கேளுங்கள்."
முனிலட்சுமி தெலுங்கில் எழுதிக்கொண்டாள்.

தடா விடுதியிலிருந்து ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு
ஷிப்ட் இடைவேளையில் கூப்பிட்டாள்.
"அக்கா, பஸ்ஸுக்கு ரெண்டு தரம் பிடிச்சிருக்காங்க.
கேட்டுட்டேன். பத்தாம் தேதி திருப்பித் தராங்களாம்."
தூக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.
பிறகு கேட்டாள்:
"ஒங்க சீட்டு எப்படிக்கா இருக்கும்?
போர்டுல போட்டதெல்லாம் எங்களதுதானே."

என் சீட்டு ஒரு குறுஞ்செய்தி.
மாசியில் உழைத்தது வைகாசியில் வந்தது.
அடுத்த பேட்ச் உறுதியானால்
ஒப்பந்தம் நீளும் என்று வாய்வார்த்தை.
இருபத்தாறு பிள்ளைகளுக்கு பி.எஃப் எண் வாங்கிக் கொடுத்தவளுக்கு
எண் கிடையாது.
"சிக்னல் இல்லடி" என்று வைத்துவிட்டேன்.

கும்மிடிப்பூண்டி மையத்துக் குமுதவல்லியை
ஏழு வருஷமாகத் தெரியும், எதிரியாக.
ஒரே ஐம்பது தலைகளுக்கு இருவரும் அலைந்தோம்.
அவள் பட்டியலை நான் திருடியதும் உண்டு.
அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிலைய பேக்கரி.
பள்ளிப்பட்டிலிருந்து சந்திரமௌலி,
பொன்னேரியிலிருந்து ரிச்சர்ட், நாங்கள் இருவர்.
முதல் ஒரு மணி நேரம் புலம்பல்.
மூன்றாம் மாதம் பிள்ளை வேலையை விட்டால்
ஏன் என்று யாரும் கேட்பதில்லை,
எங்கள் தொகையில் கழிக்கிறார்கள், அவ்வளவுதான்.
ரெண்டாவது டீக்கு ரிச்சர்ட் ஒரு நோட்டை எடுத்தார்.
எந்த விடுதியில் எத்தனை பேருக்கு ஒரு குளியலறை.
எந்த லைனில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும்.
எந்த சூப்பர்வைசர் தோளில் கை வைப்பான்.
நாலு வருஷமாகத் தனக்கு மட்டும் எழுதி வைத்திருக்கிறார்.

பதினோராம் பக்கத்தில்
கோட்டீஸ்வரியை நான் அனுப்பிய கம்பெனி இருந்தது.
ஆறு வாரத்தில் திரும்பி வந்தாள்.
காரணத்தை நான் "குடும்பச் சூழல்" என்று நிரப்பினேன்.
கட்டத்தில் அதற்குத்தான் இடம் இருந்தது.

பப்ஸ் ஆறிப்போயிற்று.
குமுதவல்லி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தாள்.
பிறகு அவள் பையிலிருந்தும் ஒரு டைரி வந்தது.

அன்று முடிவானது அதிகம் இல்லை.
மாதம் ஒரு ஞாயிறு, எல்லா நோட்டும் மேஜைமேல்.
சம்பளச் சீட்டு கேட்டு ஒரு கடிதம்.
மூன்று கையெழுத்து விழுந்தது.
ரிச்சர்டுக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாள்,
அடுத்த மாதம் போடுகிறேன் என்றார்.
யாரும் வற்புறுத்தவில்லை.

புது பேட்ச்சில் அந்தப் பாடத்தை
இரண்டாம் நாளுக்கு மாற்றிவிட்டேன்.

முனிலட்சுமிக்கு நானே போன் செய்தேன்.
பஸ் காசு வந்துவிட்டதாம், பதினொன்றாம் தேதி.
"ஒங்களுக்கு?"
"கடிதம் கொடுத்திருக்கோம். பார்க்கிறோம்னாங்க."
பின்னால் மிஷின் சத்தம், யாரோ தெலுங்கில் அவசரப்படுத்தினார்கள்.
"தேதி கேட்டீங்களாக்கா?"